மீன்தொட்டிக் கடையில் அசல் சாப்பாடு

மெசேஜை அனுப்பி முடித்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. அப்படி ஓர் உணவகம் அவருக்குத் தெரியாது.

அவர் அனுப்பியது இதுதான்: "அசல் சைனீஸ், அசல் தாய் சாப்பாடு எங்கள் ஏரியாவிலேயே கிடைக்கிறது. ஞாயிறு மதியம் வாருங்கள். நான் கூட்டிப் போகிறேன்." அனுப்பிய இடம், மனைவி வீட்டாரின் குடும்பக் குழு.

எல்லாம் சகலையால் வந்தது. மனைவியின் அக்கா கணவரான அவர், நான்கு வருடம் சீனாவிலும் தாய்லாந்திலும் மாறி மாறி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்த நாளிலிருந்து எதை வாயில் வைத்தாலும் ஒரு பெருமூச்சு விடுவார். "அங்க சாப்பிட்ட நாக்குக்கு இதெல்லாம் இறங்காது" என்பார். அன்று காலை குழுவில், இந்த ஊரில் ஒரு உருப்படியான சைனீஸ் கடையோ தாய் கடையோ உண்டா என்று கேட்டிருந்தார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர்தான் அதைத் தன் முகத்தைப் பார்த்துக் கேட்டதாக எடுத்துக்கொண்டார்.

அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனார். அதற்குள் மாமனாரிடமிருந்து பதில் வந்துவிட்டது.

"சரி மாப்பிள்ளை."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவருடைய எந்த மெசேஜுக்கும் மாமனார் பதில் போட்டதில்லை. அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் சகலை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த இவர் வெறும் 'கண்ணாடிக்கடை'. "கண்ணாடிக்கடை வந்திருக்கு, உக்காரச் சொல்லு" என்று உள்ளே குரல் கேட்கும். சகலைக்கு என்றால் மாமனாரே வாசல் வரை வருவார்.

அந்த இரண்டு சொல்லையும் கண்ணாடிக்காரர் நாலைந்து தடவை படித்தார். அதற்குமேல் அழிக்க மனசு வரவில்லை.

"சைனீஸ் சாப்பாட்டப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள் மனைவி.

"ஏன், நான் நூடுல்ஸ் சாப்பிட்டதில்லயா?"

"சாப்பிட்டீங்க. கழுத்துல துண்டக் கட்டிக்கிட்டு, கத்திரிக்கோலால வெட்டி வெட்டிச் சாப்பிட்டீங்க."

"அன்னிக்கு சட்ட புதுசு."

"வாயக் குடுத்து மாட்டிக்கிறதே உங்க வேல. ஏதாவது சாக்கு சொல்லி விட்டுடுங்க" என்றவள் போனை வாங்கிப் பார்த்தாள். அப்பாவின் பதிலில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குரல் இறங்கிவிட்டது. "மாப்பிள்ளைன்னு போட்டிருக்காரு."

"அதான் பாத்துட்டு இருக்கேன்."

"எப்படியாவது கண்டுபிடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் பயம் விடவில்லை. கூட்டத்தையாவது குறைக்கலாம் என்று நினைத்து இன்னொரு மெசேஜ் போட்டார். "இடம் ரொம்பச் சின்னது. அதிகம் போனால் இருபது பேர்தான் உட்கார முடியும்." அதுவரை வருவதாக இருந்தது ஆறு பேர். ஐந்தே நிமிடத்தில் மாமியார் பதில் எழுதினார். "பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு எல்லாம் சேர்த்தாலும் பதினெட்டுதான். தாராளமாக உட்காரலாம்."

திங்கட்கிழமை மதியம், இணையத்தில் ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம் வாங்கியிருந்த கடை ஒன்றுக்குப் போனார். வாசலில் பாண்டா கரடி படம் இருந்தது. கரடிக்குக் கீழே 'சைனீஸ், தாய், பீட்சா, பிறந்தநாள் கேக்' என்று எழுதியிருந்தது. சாப்பாடு வருவதற்கு முன்பே முதலாளி வந்து, நட்சத்திரம் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார்.

"சமையல் அசலா இருக்குமா?" என்று சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார் கண்ணாடிக்காரர்.

"சுத்த அசல் சார். சாஸ் பாட்டில இப்பதான் ஒடச்சேன்" என்றார் அவர்.

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாதித் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் லிஃப்ட் இன்ஜினியரின் நினைவு வந்தது.

கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் லிஃப்ட் பொருத்த ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். போன வாரம் மூக்குக் கண்ணாடியின் திருகாணி கழன்று கடைக்கு வந்தார். கூட வந்த மொழிபெயர்க்கும் பெண் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்காரர் தன் கையாலேயே வாடிக்கையாளர் அட்டையை நிரப்பினார். வயது ஐம்பத்திரண்டு. சொந்த நாடு சீனா. கடைசிப் பத்து வருடம் தாய்லாந்தில் வேலை. அந்தப் பெண் மறுநாளே வேறு வேலையாக வெளியூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவாள் என்று கட்டடக் காவலாளி சொல்லியிருந்தார்.

"ஒரே ஆளு. சீனாவும் அவரே, தாய்லாந்தும் அவரே" என்றார் மனைவியிடம். "அவர் எந்தக் கடைக்குள்ள போறாரோ அதான் அசல் கடை."

"அவரையே கேட்டுட்டா என்ன?"

"கேட்டுடறேன்."

செவ்வாய்க்கிழமை காலை கேட்டும் பார்த்தார். வாயைக் காட்டி, வயிற்றைக் காட்டி, தெருவைக் காட்டி, கையை விரித்தார். இன்ஜினியர் மிகுந்த கவலையோடு தலையாட்டினார். பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகு ஆறுதலாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

போனில் மனைவியிடம் சொன்னார். அவளுக்குச் சிரிப்பை அடக்கவே நேரம் பிடித்தது. "போன்ல எழுதினா அதுவே மாத்திக் காட்டுமே. அதக் காட்டிக் கேளுங்களேன்."

"இத்தன வருஷமா இந்தத் தெருவுல கட நடத்துறேன். எனக்கு நல்ல சாப்பாட்டுக் கட ஒண்ணுகூடத் தெரியலன்னு கஸ்டமர்கிட்ட எழுதிக் காட்டணுமா? கடைக்குன்னு ஒரு மரியாதை இல்ல?"

ஆகவே பின்தொடர்வது என்று முடிவாயிற்று. அதிலும் ஒரு சிக்கல். இன்ஜினியருக்கு இவர் முகம் தெரியும். பின்னால் போனால் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். யோசித்துப் பார்த்துக் கண்ணாடிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். முன்னால் போவது. முன்னால் போகிறவனைப் பார்த்து, என்னைப் பின்தொடர்கிறாயா என்று உலகத்தில் யாரும் கேட்க முடியாது. இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாடிக்கையாளர்கள் ஃபிரேம் போட்டு முகம் பார்க்கும் சின்னக் கைக்கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணிக்கு இன்ஜினியர் கட்டட வாசலில் வந்து நின்றார். இடமும் வலமும் பார்த்தார். கண்ணாடிக்காரர் அவரைக் கடந்து முன்னால் நடந்தார். பத்தடி போய்க் கைக்கண்ணாடியில் பார்த்தார். இன்ஜினியர் வந்துகொண்டிருந்தார். தெரு முக்கில், இடது பக்கம்தான் திரும்புவார் என்று ஒரு கணக்குப் போட்டு இடது பக்கம் திரும்பினார். இன்ஜினியரும் இடது பக்கமே திரும்பினார். இவர் நடையைத் தளர்த்தினார். அவர் நடையும் தளர்ந்தது. தனக்குள் இப்படி ஒரு துப்பறிவாளன் இத்தனை நாள் உறங்கிக்கொண்டிருந்தானே என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் இன்ஜினியர் மிகவும் நெருங்கிவிட்டார். மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற பயத்தில், டயர் கடையை ஒட்டியிருந்த ஒரு குறுகலான மாடிப்படியில் ஏறி ஒளிந்தார். படி முடிந்த இடத்தில் ஒரு கதவு. கதவில் உள்ளூர் எழுத்தில் சின்னதாக ஒரு பலகை. 'சைனீஸ், தாய் உணவகம்' என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் கீழே காலடிச் சத்தம். இன்ஜினியர் படியேறி வந்துகொண்டிருந்தார்.

ஒளியப் போன இடத்தில் புதையல். கண்ணாடிக்காரருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

உள்ளே எட்டு மேசைகள். சுவரில் பனிமலைப் படம். மூலையில் ஒரு மீன் தொட்டி, அதில் ஒரே ஒரு மீன். கண்ணாடிக்காரர் சுவரோரம் உட்கார்ந்தார். இன்ஜினியர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தார். மெனு அட்டையைத் திறந்தார், மூடினார், தள்ளி வைத்தார். மெனுவே தேவைப்படாத ஆள் என்று கண்ணாடிக்காரர் புரிந்துகொண்டார்.

சர்வர் வந்தார்.

"அவர் என்ன சொல்றாரோ அதே எனக்கும். ஆனா அவருக்குத் தெரிய வேணாம்" என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக.

சர்வர் இன்ஜினியரிடம் போனார். இன்ஜினியர் கையால் ஏதோ காட்டினார். சர்வர் திரும்பி வந்து இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவர் ஒண்ணும் சொல்லல சார்."

"சொல்லட்டும். எனக்கு அவசரமில்ல."

இன்ஜினியருக்கும் அவசரமில்லை. நாற்பது நிமிடம் இரண்டு பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு மடக்கு, அவர் ஒரு மடக்கு. கடைசியில் சர்வர் பொறுமை இழந்து, சிவப்பாக ஒரு நூடுல்ஸும் பச்சையாக ஒரு குழம்பும் கொண்டுவந்து இரண்டு மேசையிலும் வைத்துவிட்டார். நூடுல்ஸ் தக்காளி சாஸில் மிதந்தது. பச்சைக் குழம்பில் உருளைக்கிழங்கும் நாலு திராட்சையும் கிடந்தன. கரண்டியைத் தூக்கினால் கரண்டியும் பச்சையாக இருந்தது.

கண்ணாடிக்காரர் கண் பரிசோதனைச் சீட்டு எழுதும் தாளில் குறித்துக்கொண்டார்: 'சாப்பிடும் முன் நாற்பது நிமிடம் வெறும் தண்ணீர். இது அவர்கள் வழக்கம்.'

எழுதிக்கொண்டே மிளகாய்ச் சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். மூடி கழன்று பாதி பாட்டில் தட்டில் கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டே நிமிர்ந்தால், இன்ஜினியரும் பாதி பாட்டிலைத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய அவர் சாப்பிட்டார். 'பாதி பாட்டில் மிளகாய்ச் சாஸ்' என்று கண்ணாடிக்காரர் எழுதினார். 'சாப்பிடக் குச்சி கிடையாது. ஸ்பூன்தான். வெளியே தெரியாத உண்மை.' தானும் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு, முகத்தை மறைப்பதற்காக மீன் தொட்டிப் பக்கம் திரும்பி, பின்னால் கைகட்டி நின்றார். இன்ஜினியர் பக்கத்தில் வந்து அதேபோல் கைகட்டி நின்றார். மீன் இருவரையும் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். 'சாப்பிட்டதும் மீனுக்கு மரியாதை' என்று அன்றைய குறிப்பு முடிந்தது.

"ருசி எப்படி?" என்று மனைவி கேட்டாள்.

"நமக்குப் பிடிக்கல."

"அப்ப?"

"நமக்குப் பிடிக்காததுதான் அசலுக்கு அடையாளம். நம்ம நாக்கு கெட்டுப் போச்சு."

சந்தேகத்துக்கு இடமே வைக்கக்கூடாது என்று புதன்கிழமையும் போனார். இன்ஜினியர் வந்தார். வியாழக்கிழமை ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை இழுத்துவிட்டது. ஒன்றே முக்காலுக்கு அலறியடித்து ஓடினார். கட்டட வாசலில் இன்ஜினியர் இன்னும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பாடா என்று இவர் முன்னால் போக, அவர் வந்துவிட்டார். வெள்ளியும் சனியும் அப்படியே. ஐந்து நாளும் ஒரே கடை, ஒரே மேசை, அதே தண்ணீர், அதே மிளகாய், அதே மீன். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? வயிறு மட்டும் ஒத்துழைக்கவில்லை. இன்ஜினியர் கொடுத்த இரண்டு மாத்திரையும் அதற்குள் தீர்ந்திருந்தன.

ஞாயிறு மதியம் பதினெட்டுப் பேரும் மாடிப்படியில் வரிசையாக ஏறினார்கள். மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டே பனிமலைப் படத்தைப் பார்த்தார். சகலை மூக்கைச் சுருக்கி நாலாபுறமும் பார்த்தார். மனைவி கண்ணாடிக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"இங்க குச்சி கிடையாதா?" என்றார் சகலை.

"அசல் ஆளுங்க குச்சியில சாப்பிட மாட்டாங்க. வெளிக் கடைங்களுக்குத்தான் அது" என்றார் கண்ணாடிக்காரர். "நான் அஞ்சு நாள் ஒருத்தர்கூட இருந்து பாத்தேன். அந்த நாட்டு ஆளு."

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். சகலை ஒரு கணம் தடுமாறினார்.

"ஆமா ஆமா. டவுன்லதான் குச்சி. உள்ள போயிட்டா ஸ்பூன்தான்."

"அப்படியா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா. நானே சொல்லலாம்னு இருந்தேன்."

கண்ணாடிக்காரருக்குத் தெம்பு வந்தது. நாற்பது நிமிடம் தண்ணீர் மட்டும் என்று அறிவித்தார். பசியோடு வந்திருந்த சித்தப்பா மட்டும் எதற்கு என்று கேட்டார்.

"நாக்க அலசறதுக்கு" என்றார் சகலை, கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "அங்க எனக்குப் பழக்கம்."

பதினெட்டுப் பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள். சர்வர் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். சாப்பாடு வந்ததும் பாதி பாட்டில் மிளகாய்ச் சாஸ் எல்லாத் தட்டிலும் விழுந்தது. மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பெரியப்பாவுக்கு விக்கல் எடுத்தது. மாமனார் கண்ணீரோடு மென்றுகொண்டே மூத்த மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை முழுக்க அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரரின் பதினோரு வருடம் சகலையின் கையிலிருந்த அந்த ஒரு ஸ்பூனில் உட்கார்ந்திருந்தது.

சகலை பச்சைக் குழம்பை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். வழக்கமான பெருமூச்சு வரவில்லை.

"அதே ருசி" என்றார். "அப்படியே அங்க சாப்பிட்ட அதே ருசி. நாலு வருஷம் கண்ணு முன்னாடி வந்து போகுது."

மாமனார் எழுந்து வந்து கண்ணாடிக்காரரின் தோளில் கை வைத்தார். "இத்தன நாளா உங்களச் சரியாத் தெரிஞ்சுக்கல மாப்பிள்ளை" என்றார். மிளகாயாலா வேறெதாலா என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே மனைவியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரையும் மீனுக்கு மரியாதை செய்ய அழைத்துப் போனார். பதினெட்டுப் பேரும் தொட்டிக்கு எதிரே, கையைப் பின்னால் கட்டி நின்றார்கள். சகலை முதல் வரிசையில், கொஞ்சம் தலையும் குனிந்து நின்றார்.

அப்போது கதவு திறந்தது. லிஃப்ட் இன்ஜினியர் வந்தார். கூடவே, வெளியூரிலிருந்து திரும்பியிருந்த அந்த மொழிபெயர்க்கும் பெண்ணும் வந்தாள். நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் இன்ஜினியரின் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் ஓடிவந்து வரிசைக் கடைசியில் கைகட்டி நின்றுகொண்டார்.

"இவர்தான் மாமா" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார் கண்ணாடிக்காரர். "நான் சொன்ன அந்த அசல் ஆளு. சீனாக்காரர். தாய்லாந்துல பத்து வருஷம். இவர் பின்னாடி போய்த்தான் இந்த இடத்தக் கண்டுபிடிச்சேன்."

மாமனார் மரியாதையாக வணங்கினார். சகலை வேகமாக முன்னால் வந்து, வயிற்றைத் தடவி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்ஜினியர் கண்ணாடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்து நெகிழ்ந்து ஏதோ பேசினார். நடுவில் மீனைக் காட்டினார், மிளகாய்ப் பாட்டிலைக் காட்டினார், தெருவைக் காட்டினார். பதினெட்டுப் பேரும் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்றாரு சார்" என்றாள் அவள். "இந்த ஊர்ச் சாப்பாட்ட அசலா சாப்பிடணும்னு ஆசப்பட்டு, அஞ்சு நாளா நீங்க போற இடத்துக்கெல்லாம் உங்க பின்னாடியே வந்து, நீங்க செஞ்சதெல்லாம் அப்படியே செஞ்சாராம். இந்த மாதிரி ஒரு சாப்பாட்ட சீனாவுலயும் சரி, தாய்லாந்துலயும் சரி, அவரு எங்கயுமே பாத்ததில்லயாம்."